அவனிடம் கேட்கும் வரை

என் மகன் ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோது அவனுடைய தாயைக் கடல் கொண்டுபோனது. சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை காலை. நான் நாவற்குடாவில் ஒரு வீட்டின் பின்விறாந்தையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். எங்கள் முஸ்லிம் ஊர் அங்கிருந்து தெற்கே, சைக்கிளில் போய்வரும் தூரம். ஊரில் ஒரு பாடசாலையில் ஆசிரியராக இருந்தேன். விடுமுறை நாட்களில் இந்த வகுப்பு.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த ஆண், மனைவியின் வீட்டில்தான் போய் இருப்பான். வீடு பெண்ணுக்குத்தான் எழுதப்படும். என் மாமனார் மூத்த மகளுக்கு வாவிக் கரையிலிருந்த வளவைக் கொடுத்தார், இளையவளான என் மனைவிக்குக் கடற்கரை வளவைக் கொடுத்தார். இளையவளுக்குக் காற்று நன்றாக வரட்டும் என்று யோசித்துக் கொடுத்தது அது. அன்று காலை அவள் வாவிக் கரைக்குப் போய், குழந்தையைத் தமக்கையிடம், அதாவது என் மதினியிடம், விட்டுவிட்டு, அங்கிருந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்த தகப்பனுக்கு இடியப்பம் கொண்டுபோனாள். அவளும் மாமனாரும் வீட்டோடு போனார்கள். குழந்தை மதினியின் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தது.

மனைவியை அன்று பின்னேரமே கண்டெடுத்து அடக்கினோம். மாமனாரைக் காணவில்லை. அவரைத் தேடிப் போனவன், அப்படியே கரையொதுங்கிய மையத்துகளை எடுக்கிறவர்களோடு சேர்ந்துவிட்டேன். வீட்டுக்குப் போய் உட்கார முடியவில்லை. எங்களோடு கல்லடியில் மீன்வாடி வைத்திருந்த ஒரு தமிழரும் வேலை செய்தார். அவருடைய மகள் என்னிடம் படித்தவள்.

இரண்டொரு நாள் போனபிறகு முகத்தை வைத்து ஆளைச் சொல்ல முடியாமல் போனது. பெண்களைத் தாலியை வைத்து, காப்பை வைத்து, உடுப்பை வைத்துச் சொன்னார்கள். ஆண்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை. துணியை விலக்கிப் பார்க்க வேண்டியிருந்தது. சுன்னத்து வைத்த உடம்பென்றால் எங்கள் மையவாடிக்கு. இல்லையென்றால் அவர்களுடைய மயானத்துக்கு. முதலில் ஒவ்வொரு தடவையும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே விலக்கினோம். பிறகு அதுவும் விட்டுப்போயிற்று.

"சேர், இது உங்கட ஆள்."

"இது உங்கட."

இதைத் தவிர எங்களுக்குள் பேச்சில்லை. மாமனாரைக் கண்டெடுத்ததும் அந்த மீன்வாடிக்காரர்தான். கல்லடிக் கரையில் ஒதுங்கியிருந்த உடம்பில் அந்த அடையாளத்தைப் பார்த்துவிட்டு எனக்கு ஆள் அனுப்பினார். போய்ப் பார்த்தேன். விரலில் இருந்த வெள்ளி மோதிரம் எனக்குத் தெரிந்த மோதிரம். கொண்டுவந்து தொழுகை நடத்தி அடக்கினோம்.

அந்த நாட்களில் எனக்கு வேறொருவருடைய நினைவும் வந்துகொண்டிருந்தது. போரின் தொடக்க வருடங்களில், நான் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தபோது, பாடசாலைக்குப் போகும் வழியில் சீருடைக்காரர்கள் சுற்றிவளைத்தார்கள். ஆண்களை வரிசையாக நிறுத்தி உடுப்பைக் கழற்றச் சொன்னார்கள். என்னைப் பார்த்துவிட்டு ‘போ’ என்றார்கள். எனக்குப் பக்கத்தில் நின்றவர் எங்கள் பாடசாலையில் தமிழ் படிப்பித்த ஆசிரியர், தமிழர். நாங்கள் இருவரும் ஒரே மேசையில் சோற்றுப்பார்சலைப் பிரித்துச் சாப்பிடுகிறவர்கள். அவரை லொறியில் ஏற்றினார்கள். அவர் திரும்பி வரவில்லை. சில மாதம் கழித்து வேறு ஆட்கள், இயக்கத்துக்காரர், வேறு துவக்குகளோடு, பஸ்ஸை மறித்து அதே அடையாளத்தைத் தேடினார்கள். அன்று அந்த பஸ்ஸில் நான் இல்லை, அவ்வளவுதான். அல்லாஹ்வுக்காக என்று உடம்பில் வைத்த ஒன்றை மனிதர்கள் அடையாள அட்டையாக்கி வைத்திருந்தார்கள். உயிரோடு இருந்தவர்களை அதை வைத்துப் பிரித்தார்கள். கடைசியில் செத்தவர்களை நானே என் கையால் அதை வைத்துப் பிரித்தேன். எனக்கு அலுத்துவிட்டது. இதைத் தத்துவமாகச் சொல்லவில்லை. உடம்பு அலுத்துப்போவது போலத்தான் அலுத்தது.

குழந்தையை மதினி வளர்த்தாள். அவளுக்கும் அப்போது ஒரு கைக்குழந்தை, பெண். தன் மகளுக்கு ஒரு பக்கம், என் மகனுக்கு மறுபக்கம் என்று இருவருக்கும் பால் கொடுத்தாள். தங்கச்சியையும் வாப்பாவையும் ஒரே நாளில் இழந்தவள் அழுதுகொண்டே அதைச் செய்தாள். அவளுடைய மூத்தவனுக்கு இரண்டு வயது தாண்டியிருந்தது. அவளுடைய கணவர், என் சகலன், கடைத்தெருவில் புடவைக்கடை வைத்திருந்தார். வீடில்லாமல் போன என்னை அவர்கள் தங்கள் வீட்டு முன்னறையில் இருத்தினார்கள். நான் மனைவி இல்லாத வீட்டில், மனைவியின் தமக்கை வீட்டில், ஒரு விருந்தாளியைப் போல இருந்தேன். என் பிள்ளையின் விஷயத்தில்கூட வாயைத் திறக்க எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் சுன்னத்து முகாம் வந்தது. தூரத்திலிருந்து வந்த ஒரு நிவாரணக் குழு, கடல் அடித்த ஊர்களின் ஆண்பிள்ளைகளுக்கு இலவசமாகச் செய்து, ஆளுக்கு ஒரு சாரனும் பால்மாவும் விளையாட்டுச் சாமானும் கொடுப்பதாக அறிவித்தது. சனத்திடம் எதுவும் இல்லாத காலம். நல்ல மனதோடு செய்த வேலை அது, அதில் எனக்குச் சந்தேகமில்லை.

மதினி பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள்.

"நாளைக்குப் புள்ளையக் கொண்டுபோகணும் தம்பி. பேர் குடுத்தாச்சி."

"எங்க?"

"உங்கட பள்ளிக்கூடத்துக்குத்தான். சுன்னத்து வெக்க. கைக்குழந்தைக்கெண்டா லேசாம், டக்கெண்டு ஆறிருமாம்."

"இப்ப வேணாம் மதினி."

"ஏன்? காய்ச்சல் கீச்சல் இரிக்கா?"

"இல்ல. அவன் வளரட்டும். அவனுக்கிட்டக் கேட்டுச் செய்வம்."

அவள் கையிலிருந்த சட்டியை வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். கடல் வந்த பிறகு அவள் சிரித்து நான் கண்டது அன்றுதான்.

"கேக்கிறதா? வாய் பேசாத பச்சப்புள்ளக்கிட்ட என்னத்தக் கேக்கிற?"

"அதுக்குத்தான் சொல்றன். வாய் பேசட்டும்."

சிரிப்பு நின்றுவிட்டது. "எங்கட வாப்பாவ எப்படிக் கண்டுபிடிச்ச தம்பி? அந்த அடையாளம் இல்லாட்டி எங்க கிடந்திருப்பாரு? எல்லாரோடயும் ஒரு குழியில தள்ளி மூடியிருப்பாங்க. எங்களுக்குப் போய் நிண்டு ஓத ஒரு கப்று இருந்திருக்குமா?"

அவள் சொன்னது உண்மை. நானே அதற்குச் சாட்சி.

அடுத்த நாள் அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். நான் பின்னால் போனேன். என்னுடைய வகுப்பறையில்தான் செய்துகொண்டிருந்தார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் மேசைகளை இரண்டிரண்டாகச் சேர்த்து வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். கரும்பலகையில் தவணைப் பரீட்சைக்கு முன் நான் எழுதிய பின்னக் கணக்கு பாதி அழிந்தபடி கிடந்தது. ஒரு மேசையில் ஏழெட்டு வயதுப் பையன் ஒருவன் மாமன்காரனின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கத்தினான். சுற்றி நின்றவர்கள் அவனை உற்சாகப்படுத்த நபியின் மீது சலவாத்துச் சொன்னார்கள்.

எனக்கு என்னுடையது நினைவுக்கு வந்தது. ஏழு வயது. புதுச் சாரன் உடுத்தி, மாலை போட்டு, கவிழ்த்த உரலில் இருத்தினார்கள். வெளியே றபான் மேளம் அடித்தார்கள். என் மாமா என் நாடியைப் பிடித்துத் திருப்பி, "அந்தா பாரு, மயில்!" என்றார். நான் பார்த்தேன். மயில் இல்லை. வலி எப்படி இருந்தது என்று இப்போது சொல்லத் தெரியாது. இல்லாத மயிலைத் தேடியது நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதன்பிறகு ஒரு கிழமை நான் வீட்டில் ராசா. வந்தவர்கள் எல்லாரும் என்னைத்தான் கேட்டு வந்தார்கள். நான் பெரியவனாகிவிட்டேன் என்று நம்பினேன்.

எங்கள் முறை வந்தது. மருத்துவர் இளைஞர், எங்கள் சமூகத்தவர்தான், கொழும்பிலிருந்து வந்தவர். நான் தயங்குவதைக் கண்டு பொறுமையாகப் பேசினார்.

"இந்த வயசுல செஞ்சா பிள்ளைக்கு லேசு சேர். பெரிசானப்புறம் ஞாபகமே இருக்காது."

"ஞாபகம் இருக்காதுதான் டொக்டர்," என்றேன். "அவனுக்கு அவண்ட உம்மாவயும் ஞாபகம் இருக்காது. அதுக்காக அது நடக்கல்லெண்டு சொல்லேலுமா?"

சொல்லிவிட்டு நானே திடுக்கிட்டேன். அப்படிச் சொல்ல நினைத்து வரவில்லை. மருத்துவர் கையுறையைக் கழற்றினார். "நீங்கதானே தகப்பன்? உங்க சம்மதம் இல்லாம நான் தொடமாட்டேன்," என்றார்.

மதினி குழந்தையை இறுக்கிக்கொண்டாள். "இது என்ட பாலக் குடிச்ச புள்ள. இந்த உடம்புல ஓடுறது என்ட பால். இவருக்கு மட்டுமா சொந்தம்?"

அதுவும் உண்மைதான். எங்கள் மார்க்கத்தில் பால் கொடுத்தவளும் தாய். அந்த அறையில் எல்லாரும் உண்மையைத்தான் சொன்னார்கள். அவ்வளவு பேருடைய உண்மைக்கும் நடுவில் குழந்தை தன் பெருவிரலைச் சூப்பிக்கொண்டிருந்தது. நான் கையை நீட்டினேன். கொஞ்ச நேரம் அவள் தரவில்லை. பிறகு தந்தாள்.

திரும்பி வரும் வழியில் அவள் எனக்கு முன்னால் நடந்தாள். வாவிக் கரைப் பாதைக்குத் திரும்பும் இடத்தில் நின்று, என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"எனக்கு ஆரு கேட்ட?"

முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. எங்களில் சில குடும்பங்களில் பெண்குழந்தைக்கும் நாற்பதாம் நாளில் சுன்னத்து என்று ஒரு சடங்கு உண்டு. ஒஸ்தா மாமி என்று சொல்லும் கிழவி வருவாள். கதவைச் சாத்துவார்கள். உள்ளே என்ன நடந்தது என்று ஆண்களிடம் சொல்லமாட்டார்கள், நாங்களும் கேட்கமாட்டோம்.

"எனக்கும் கேக்கல்ல. உங்கட பொண்டாட்டிக்கும் கேக்கல்ல. என்ட மகளுக்கு நானே கேக்கல்ல," என்றாள். "ஆம்புளப் புள்ளைக்கு மட்டும் கேக்கணுமோ?"

"எல்லாருக்கும் கேட்டிருக்கணும் மதினி."

"இப்பதான் சொல்றீங்க." அவள் முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தாள். வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகத் தன் மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். அன்று அவள் எனக்கு வாக்கொன்றும் தரவில்லை. ஆனால் நான் வேலைக்குப் போன நேரம் பார்த்து எதையும் செய்யவும் இல்லை. செய்திருக்கலாம். அவளுக்குத் தடையொன்றும் இருக்கவில்லை.

சகலன் என்னைப் பள்ளிவாசல் மௌலவியிடம் கூட்டிப்போனார். எனக்குப் புத்தி சொல்லவைக்கத்தான். மௌலவி அந்த மாதத்தில் எத்தனையோ ஜனாஸாக்களுக்கு முன்னால் நின்று தொழுவித்த மனிதர், குரல் கம்மிப்போயிருந்தது. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "ஏழாம் நாளும் வைக்கலாம், ஏழு வயசிலயும் வைக்கலாம். பருவம் வந்தாத்தான் கடமை," என்றார். சகலன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "புள்ள உயிரோட இருக்கிறான்தானே? அதுக்கு அல்லாஹ்வுக்கு ஷுக்ர் சொல்லுங்க. மத்தது நேரம் இருக்கு," என்றார் மௌலவி. எனக்குக் கிடைத்தது அனுமதி அல்ல, தவணை. பருவம் வந்தபிறகு அவன் மாட்டேனென்றால் என்ன செய்வேன் என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

வருடங்கள் போயின. நிவாரணத்தில் கட்டிக் கொடுத்த வீடொன்று எனக்குக் கிடைத்தது. ஆனாலும் மகன் மதினி வீட்டில்தான் வளர்ந்தான், அவளைத்தான் உம்மா என்றான். நான் பின்னேரங்களில் போய் அவனுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பேன். வாவியில் குளிக்கும்போது மற்றப் பையன்கள் அவனைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கியிருந்தார்கள். வீட்டில் எல்லாரும் அதை எனக்குச் சொன்னார்கள். அவன் சொல்லவில்லை.

போர் முடிந்தது என்று அறிவித்த அன்று எங்கள் தெருவில் வெடி கொளுத்தினார்கள். சந்தியில் சீருடைக்காரர்கள் பாற்சோறு கொடுத்தார்கள். நான் நாவற்குடா வகுப்புக்குப் போனேன். அங்கே தமிழர் வீடுகளின் கதவுகள் சாத்தியிருந்தன. இரண்டு பிள்ளைகள் மட்டும் வந்தார்கள், கணக்கில் அவர்களுக்கு மனம் போகவில்லை. திரும்பும் வழியில் கல்லடி மீன்வாடிக்காரரைக் கண்டேன். சைக்கிளை நிறுத்தினேன்.

"முடிஞ்சிதாம் சேர்," என்றார்.

"ஓம்."

இருவரும் றோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவருடைய தம்பி ஒருவன் இயக்கத்தோடு வடக்கே போனவன். அவனைப் பற்றிக் கேட்காமல் சைக்கிளில் ஏறினேன்.

மதினிக்கு அது வேறு விதமாகப் பட்டது. "சண்டையும் முடிஞ்சிட்டு தம்பி. இனி ஆரும் உடுப்பத் தூக்கிப் பாக்கப்போறல்ல. இனி என்ன பயம் உங்களுக்கு?" என்றாள். அவளுடைய மூத்தவனுக்கு ஏழு வயதாகப் போகிறது. அவனுக்கு வைக்கும்போது என் மகனுக்கும் சேர்த்து வைத்துவிட வேண்டும் என்று சகலன் தீர்மானித்திருந்தார். பயம் போனபிறகும் கேட்கத்தான் வேண்டுமா என்று நானும் யோசித்தேன். கேட்கத்தான் வேண்டும் என்று பட்டது. மகனுக்கு ஐந்து வயது ஆகவில்லை. அவனை மடியில் வைத்து உள்ளதைச் சொன்னேன். தோல் கொஞ்சம் வெட்டுவார்கள், ஊசி போடுவார்கள், வலிக்கும், பிறகு ஆறிவிடும்.

"நானாவுக்கும் செய்யிறாங்களா?" மதினியின் மூத்தவன்தான் அவனுக்கு நானா, அண்ணன்.

"ஓம்."

"அப்ப சரி."

பட்டணத்தில் ஒரு தனியார் மருத்துவரிடம் போனோம். மூத்தவன் முதலில் போய் வந்தான். முகம் வெளிறியிருந்தது, ஆனால் அழவில்லை. அடுத்ததாக என் மகனைக் கட்டிலில் கிடத்தினார்கள். நான் தலைமாட்டில் நின்றேன். சகலன் கால்களைப் பிடித்தார். அங்கே ஒரு வயதான தாதி இருந்தார், பட்டணத்துப் பறங்கிப் பெண்மணி, கழுத்தில் சிறிய சிலுவை. மருத்துவர் ஊசியை எடுத்ததும் மகன் தலையைத் தூக்கினான்.

"வேணாம் வாப்பா."

"ஒண்ணுமில்ல மனே, எறும்பு கடிக்கிற மாதிரித்தான்," என்றார் சகலன்.

"வேணாம் வாப்பா. எனக்கு வேணாம்."

அவன் கத்தவில்லை. சாதாரணமாகச் சொன்னான். சாப்பாடு வேண்டாம் என்று சொல்வதைப் போல. அதுதான் என்னை அசைத்தது. தாதி அவன் கையைப் பிடித்திருந்தவர், மருத்துவரைப் பார்த்து, "டொக்டர், கொஞ்சம் நில்லுங்க. பிள்ளை வேணாமெண்டு சொல்றான்," என்றார்.

"புள்ளைகள் அப்படித்தான் சொல்லும்," என்றார் சகலன். "நீங்க செய்யுங்க டொக்டர். நான் பிடிச்சிக்கிறன்." அவர் கொடுமைக்காரர் அல்ல. அந்தப் பிள்ளையைத் தன் பிள்ளையைவிடக் கூடுதலாகக் கொஞ்சியவர். அவருடைய கண்ணிலும் தண்ணீர் நின்றது.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் கைகள் மகனின் தோள்களில் இருந்தன. ஒரு சொல் சொன்னால் போதும், கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும். வருடக்கணக்கான பேச்சு, பார்வை, கேலி எல்லாம் அத்தோடு முடிந்துவிடும். எனக்கும் முடியவேண்டும் என்றுதான் இருந்தது. எவ்வளவு ஆசையாக இருந்தது என்று சொல்ல முடியாது.

"நிப்பாட்டுங்க," என்றேன்.

சகலன் கால்களை விட்டுவிட்டு வெளியே போனார். முச்சக்கரவண்டியில் மூத்தவன் மதினியின் மடியில் கிடந்து முனகினான். என் மகன் வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கென்று ஆட்டிறைச்சி வாங்கிச் சமைத்திருந்தார்கள், சொந்தங்கள் வந்திருந்தார்கள். வந்தவர்கள் மூத்தவனைப் பார்த்துவிட்டு, என் மகனைப் பார்த்துவிட்டு, பிறகு என்னைப் பார்த்தார்கள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சகலன் பல மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்கும் என் மீது சந்தேகம் இருந்தது. மடியில் இருந்து அவன் சொன்ன ‘சரி’ அவனுடைய சொல்லா, கட்டிலில் கிடந்து சொன்ன ‘வேணாம்’ அவனுடைய சொல்லா? முதல் சொல் நானாவைப் பார்த்துச் சொன்னது. இரண்டாவது சொல் ஊசியைப் பார்த்துச் சொன்னது. பிள்ளை ஊசிக்குப் பயந்து மருந்தே வேண்டாமென்றாலும் நாம் பிடித்துக் குத்தத்தானே செய்கிறோம்? இது மருந்தில்லை என்பது மட்டும்தான் என்னிடம் இருந்த மறுமொழி. ஒன்று மட்டும் திரும்பத் திரும்ப மனதில் ஓடியது. அந்த முகாமில், வகுப்பறை மேசையில், ஆறு மாதத்தில் செய்திருந்தால், இவன் வேண்டாமென்று சொல்லக்கூடிய பிள்ளை என்பதே ஒருவருக்கும் தெரிய வந்திருக்காது.

ஆனால் தெரிந்தபிறகு சுமை குறையவில்லை. ஒவ்வொரு விடுமுறைக்கும் நான் அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன். இப்ப என்ன சொல்றாய்? பயமா? பொடியன்மார் ஏதும் சொல்றாங்களா? அவங்களுக்காகச் செய்யத் தேவையில்ல. எனக்காகவும் தேவையில்ல. உனக்கு எப்ப விருப்பமோ அப்ப சொல்லு. உண்மையாச் சொல்லு. அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு "பொறகு பாப்பம் வாப்பா" என்பான். நான் அதைச் சுதந்திரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் மற்றவர்கள் என்னை எரிச்சலோடு பார்த்தார்கள்.

அவன் ஒன்பது வயதைத் தாண்டிய டிசம்பர் விடுமுறையில் நான் வெளியூருக்குப் பரீட்சைத் தாள் திருத்தப் போயிருந்தேன். வேலை முடிந்து ஒரு மத்தியானம் திரும்பி, பையை என் வீட்டில் வைத்துவிட்டு மதினி வீட்டுக்குப் போனேன். முன்னறையில் மகன் மல்லாக்கப் படுத்திருந்தான். சாரனின் நடுப்பகுதியைக் கயிற்றால் முகட்டுவளையில் கட்டி, துணி உடம்பில் படாமல் கூடாரம்போலத் தூக்கியிருந்தார்கள். மதினி பக்கத்தில் இருந்து பழைய கொப்பி மட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள்.

இத்தனை வருடம் பொறுத்துக்கொண்டிருந்துவிட்டு, நான் இல்லாத நேரம் பார்த்து…

"ஆரு செய்யச் சொன்ன?" என்றேன் மதினியிடம்.

"நான்தான் வாப்பா," என்றான் மகன். "நான்தான் உம்மாவக் கூட்டிப்போகச் சொன்ன."

"உம்மா கேட்டாவா உன்னட்ட? கட்டாயப்படுத்தினாவா?"

"இல்ல."

"அப்ப பொடியன்மார்…"

"வாப்பா." அவன் கண்ணை மூடிக்கொண்டான். "இதுக்குத்தான் உங்களுக்குச் சொல்லல்ல. நீங்க கேட்டுக்கிட்டே இருப்பீங்க. உண்மையா, உண்மையா எண்டு. எனக்குக் களைச்சிப் போச்சி."

மதினி விசிறுவதை நிறுத்தவில்லை. என்னைப் பார்த்து, மெதுவாகத்தான் சொன்னாள்.

"போன கிழம வந்து சொன்னான் தம்பி. நான் ஒருதரம் கேட்டன். ஓம் எண்டான். டொக்டரும் கேட்டாரு, ஓம் எண்டான். நீங்க வரும் மட்டும் நிப்பமா எண்டு கேட்டன். வேணாம் எண்டுட்டான். நான் என்ன செய்ய?"

அவள் செய்தது சரி. அவன் செய்ததும் சரி. நான் வருடக்கணக்காகச் சண்டை பிடித்தது இதற்காகத்தான், அவன் தன் உடம்பைப் பற்றித் தானே ஒரு முடிவெடுக்க வேண்டும் என்பதற்காகத்தான். அந்த முடிவில் எனக்கு ஒரு இடம் இருக்கும் என்று எப்போது, எப்படி நினைத்துக்கொண்டேன் என்று தெரியவில்லை. ஒரு சிறு பிள்ளையைப் போல எனக்கு அழுகை வந்தது. அவன் பார்க்காமல் இருக்க முகத்தைத் துடைத்துக்கொண்டேன். ஏன் செய்துகொண்டான் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மார்க்கத்துக்காக இருக்கலாம், கேலிக்காக இருக்கலாம், என் கேள்விகளிலிருந்து தப்புவதற்காகவும் இருக்கலாம். கடைசியாகச் சொன்ன காரணம் என்றால் அதை என்னால் தாங்க முடியாது. அதனால் கேட்கவில்லை.

மதினி கஞ்சி எடுத்துவர எழுந்து போனாள். நான் மட்டையை எடுத்து விசிறினேன். கட்டு சரியாக இருக்கிறதோ, இரத்தம் கசிகிறதோ என்று சாரனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பாக்கட்டா மனே?"

"வேணாம் வாப்பா. கொஞ்சம் வெளிய போங்க. நான் படுக்கணும்."

நான் எழுந்து வெளியே போய்க் கதவைச் சாத்தினேன்.